ஒரு தாள், எட்டுப் பக்கம்: குமரி மாவட்டத்தில் பெண்ணியக் கையிதழ் செய்ய

தாளை மடிப்பதற்கு முன்னால் ஒரு கேள்விக்கு விடை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: இதை வாங்குகிறவர் எங்கே வைத்துக்கொள்வார்? அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலைக்கு, போகிறவர் சாப்பாட்டுப் பையில் வைப்பார். மீன் விற்கிறவர் இடுப்பில் இருக்கும் பணப்பைக்குள் செருகுவார், அப்போது அவர் கை ஈரமாக இருக்கும். பையைத் துழாவிப் பார்க்கிறவர்கள் உள்ள வீட்டுப் பெண்பிள்ளை கணக்கு நோட்டுக்குள் ஒளித்து வைப்பாள். கண் தெரியாதவர் கைப்பேசியில் கேட்பார். தாளின் அளவு, எழுத்தின் அளவு, கட்டும் முறை, விலை எல்லாம் இந்த விடையிலிருந்துதான் வரவேண்டும். ‘அனைவருக்குமான இதழ்’ என்று அட்டையில் போட்டுவிட்டு உள்ளே எட்டுப் புள்ளி (பாயிண்ட்) எழுத்தில் அச்சிட்டால், வெள்ளெழுத்து விழுந்த நாற்பத்தைந்து வயதுப் பெண் முதல் பக்கத்திலேயே வெளியே நின்றுவிடுவார்.

கையிதழை ஆங்கிலத்தில் ஸீன் என்பார்கள். அந்தச் சொல் மேகஸீன் என்பதன் வால். 1930இல் சிகாகோவில் அறிவியல் புனைகதை ரசிகர்கள் தாங்களே தயாரித்துச் சுற்றுக்கு விட்ட இதழ்களோடு அந்தப் பழக்கம் தொடங்கியது. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஒலிம்பியா நகரத்தில் ‘ரயட் கேர்ள்’ என்று தங்களை அழைத்துக்கொண்ட இளம்பெண்கள் ஒட்டி, வெட்டி, ஜெராக்ஸ் எடுத்துப் பரப்பியபோது அது பெண்ணியத்தின் கருவியானது. நமக்கு இது அந்நியமல்ல. பள்ளிக்கூடக் கையெழுத்துப் பத்திரிகையும் ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ என்று போட்ட சிறுபத்திரிகையும் இங்கே நெடுநாள் வழக்கம். 1988இல் சுந்தர ராமசாமி காலச்சுவடைத் தொடங்கியதும் நாகர்கோவிலில்தான். கையிதழ் அதைவிடச் சிறியது. ஆசிரியர் குழு, சந்தா, அச்சகம் எதுவும் வேண்டாம். ஒரு ஜெராக்ஸ் கடை நடந்து போகிற தூரத்தில் இருந்தால் போதும்.

ஒற்றைத் தாள் மடிப்பு

முதல் இதழை இப்படித்தான் செய்யுங்கள். பின் வேண்டாம், நூல் வேண்டாம், ஒரு பக்க ஜெராக்ஸ் மட்டும். ஏ4 தாள் (21 × 29.7 செ.மீ) மடிந்து, 7.4 செ.மீ அகலமும் 10.5 செ.மீ உயரமும் கொண்ட எட்டுப் பக்கக் குட்டி இதழாகும்.

தாளை அகலவாட்டில் வையுங்கள். நீண்ட விளிம்புகள் இரண்டும் ஒன்றோடொன்று சேரும்படி மடித்துப் பிரியுங்கள். பிறகு குட்டை விளிம்புகள் சேரும்படி மடித்துப் பிரியுங்கள். இடமும் வலமும் உள்ள விளிம்புகளை நடுமடிப்பு வரை கொண்டுவந்து மடித்துப் பிரித்தால் எட்டுக் கட்டம் தெரியும். இனி, குட்டை விளிம்புகள் சேரும்படி மறுபடி மடித்து, மடிந்த பக்கத்திலிருந்து நடுக்கோட்டின் வழியே ஒரு கட்டம் மட்டும், அதாவது 7.4 செ.மீ, கத்தரியுங்கள். பிரித்தால் தாளின் நடுவில் இரண்டு கட்ட நீளத்துக்கு ஒரு கீறல் இருக்கும். எழுத்து வெளியே தெரிய நீளவாட்டில் மடித்து, இரண்டு முனைகளையும் உள்நோக்கித் தள்ளுங்கள். கீறல் வாய் திறந்து, கூட்டல் குறிபோல் நான்கு மடல் நிற்கும். அதை ஒரு பக்கமாகச் சுற்றி அமுக்கினால் புத்தகம்.

பக்கங்களை அடுக்கும் வரிசை இது. இதில்தான் அனேகம் பேருக்குத் தப்புகிறது:

மேல் வரிசை, இடமிருந்து வலம், எல்லாம் தலைகீழாக: 5, 4, 3, 2
கீழ் வரிசை, இடமிருந்து வலம், நேராக: 6, 7, 8, 1

ஒன்று முன்னட்டை, எட்டு பின்னட்டை. ஒரு வெற்றுத்தாளை முதலில் மடித்து, பென்சிலால் எண் போட்டு, பிரித்துப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கினால் வரிசை பிசகாது.

கீறல் கொஞ்சம் நீண்டுவிட்டால் இதழ் நடுவில் பிய்ந்து தொங்கும். குறைந்தால் முனைகளைத் தள்ளும்போது மடிப்பு சுருங்கும். மூன்று மில்லிமீட்டர் வித்தியாசமே போதும் கெடுப்பதற்கு. இன்னொரு தொல்லை கடையில் வரும்: கணினியிலிருந்து அச்செடுக்கும்போது ‘தாளுக்குப் பொருத்து’ என்ற அமைப்பு இருந்தால் இயந்திரம் 96, 97 சதவீதத்துக்குச் சுருக்கிவிடும், கட்டங்களும் மடிப்புகளும் ஒத்துப்போகாது. ‘நூறு பெர்சென்ட், சைஸ் மாத்தாதீங்க’ என்று சொல்லி எடுங்கள். ஜெராக்ஸ் இயந்திரம் தாளின் ஓரத்தில் நான்கைந்து மில்லிமீட்டரை அச்சிடாது. அதனால் ஒவ்வொரு கட்டத்திலும் எல்லாப் பக்கமும் 8 மி.மீ ஓரம் விடுங்கள். தாள் 70 அல்லது 75 ஜிஎஸ்எம். அதற்கு மேல் கனம் போனால் எட்டாக மடிந்தபின் இதழ் மூடாமல் வாய் பிளந்து நிற்கும்.

இந்த மடிப்பில் ஒரு பெரிய வசதி, தாளின் பின்பக்கம் முழுவதும் இதழுக்குள் மறைந்துவிடுவது. பிரித்தால்தான் தெரியும். அங்கே ஒரு ஏ4 சுவரொட்டி போடலாம். அதைவிட நல்ல பயன் உண்டு: வீட்டில் அடிபடுகிற பெண்ணுக்கு வேண்டிய தகவலை அட்டையில் போடாமல் அந்த உள்பக்கத்தில் போடுங்கள். பெண்கள் உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098, அவசரத்துக்கு 112, மனநல ஆலோசனைக்கு 14416. வெளியே ரசம் வைக்கிற குறிப்போ பூக்கோலமோ இருக்கட்டும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவருக்கு அது சமையல் குறிப்புத்தான்.

நான்கு தாள், பதினாறு பக்கம்

சொல்ல நிறைய இருந்தால் ஏ4 தாளை இரண்டாக மடித்து ஏ5 அளவில் செய்யுங்கள். பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். பதினாறு பக்கத்துக்கு நான்கு தாள், எட்டு ஜெராக்ஸ். ஒரு தாளின் ஒரு முகத்தில் வரும் இரண்டு பக்க எண்களைக் கூட்டினால் எப்போதும் 17 வரும் என்பதை நினைவில் வைத்தால் அடுக்குவது எளிது: முதல் தாளின் வெளிமுகம் 16, 1, உள்முகம் 2, 15. அடுத்தது 14, 3, 4, 13. மூன்றாவது 12, 5, 6, 11. நடுத்தாள் 10, 7, 8, 9. இரண்டு முகமும் எடுக்கும்போது தாளைக் குட்டை விளிம்பில் புரட்ட வேண்டும். நீண்ட விளிம்பில் புரட்டினால் பின்பக்கம் முழுவதும் தலைகீழாக வரும். ஐம்பது பிரதி எடுப்பதற்கு முன் ஒரே ஒரு பிரதி எடுத்து, மடித்து, கடையிலேயே நின்று பக்கம் பக்கமாகப் புரட்டிப் பாருங்கள்.

ஜெராக்ஸ் தாளின் நார் வழக்கமாக நீளவாட்டில் ஓடும். ஏ5 மடிப்பு அந்த நாரைக் குறுக்கே உடைக்கிறது. ஆகவே கையால் மட்டும் அமுக்கினால் மடிப்பு உப்பி நிற்கும். ஸ்டீல் ஸ்கேலை வைத்து, கரண்டியின் முதுகால் இரண்டு தடவை அழுத்தி இழுங்கள். நான்கு தாளையும் ஒன்றுக்குள் ஒன்று வைத்தபின் உள்தாள் ஒரு மில்லிமீட்டர் வெளியே நீட்டும். அதைப் பிளேடால் சமன் செய்யலாம், விட்டுவிட்டாலும் குற்றமில்லை. வெட்டுவதாக இருந்தால் பக்க எண்ணை வெளி ஓரத்துக்கு ஒட்டிப் போடாதீர்கள்.

கட்டுவதற்கு ஸ்டேப்ளர் எல்லோருக்கும் முதலில் தோன்றும். சாதாரண ஸ்டேப்ளர் முதுகு வரை எட்டாது. அதை விரித்து, கீழே தெர்மோகோல் துண்டு வைத்து அடித்து, பின்முனைகளைக் கரண்டியால் மடக்க வேண்டும். ஆனால் குளச்சல், முட்டம், தூத்தூர் போன்ற கடற்கரை ஊர்களுக்குப் போகிற இதழுக்கு ஸ்டேப்ளர் பின் வேண்டாம். உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்து துரு ஏறும், துரு தாளில் இறங்கும், நடுப்பக்கம் பழுப்பாகிக் கிழியும்.

நூலால் தையுங்கள். முதுகில் மூன்று துளை: ஒன்று நடுவில், மற்ற இரண்டும் மேல் கீழ் விளிம்பிலிருந்து 4 செ.மீ தள்ளி. துளையை ஊசியால் போடும்போது இதழ் பாதி விரிந்த நிலையில் இருக்கட்டும், இல்லையென்றால் துளை முதுகைத் தவறவிடும். 55 செ.மீ தையல் நூலை இரட்டையாக்காமல், மெழுகுத்திரியில் ஒரு தடவை இழுத்து எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளிருந்து நடுத்துளை வழியே வெளியே. மேல்துளை வழியே உள்ளே. நடுவைத் தாண்டிக் கீழ்த்துளை வழியே வெளியே. மறுபடி நடுத்துளை வழியே உள்ளே. இரண்டு முனைகளும் நடுவில் ஓடும் நீண்ட நூலின் இருபுறமும் இருக்குமாறு வைத்து முடிச்சுப் போடுங்கள். தோவாளையில் பூ கட்டுகிற வாழைநாராலும் கட்டலாம், பார்க்க அழகு. நனைத்து மென்மையாக்கிக் கட்டுங்கள். காய்ந்த நார் முடிச்சில் ஒடியும்.

ஜெராக்ஸ் கண்ணாடிக்கு ஏற்ற மூலப்பிரதி

மூலப்பிரதியைக் கறுப்பில் செய்யுங்கள். சிவப்பு மை ஏறக்குறைய கறுப்பாகவே விழும், வெளிர்நீலம் பெரும்பாலும் விழாது. ஆகவே வழிகாட்டும் கோடுகளை வெளிர்நீலப் பென்சிலால் போட்டால் அழிக்கும் வேலை மிச்சம். சாதாரணப் பென்சில் மங்கிப்போகும். ஒட்டுவதற்குக் குச்சிப் பசைதான். பாட்டில் பசை தாளை நெளியவைக்கும், நெளிவு நிழலாக விழும். ஒட்டிய துண்டின் விளிம்பு கோடாக விழுந்தால் முதல் பிரதியில் அதை வெள்ளை மையால் மூடி, அந்தப் பிரதியை மூலமாக வைத்து மற்றவற்றை எடுங்கள். வெள்ளை மை நன்றாகக் காய்ந்தபிறகே கண்ணாடியில் வையுங்கள். ஈரமாக வைத்துக் கண்ணாடியில் ஒட்டினால் அடுத்து வருகிற எல்லோருடைய ஆதார் நகலிலும் உங்கள் புள்ளி இருக்கும்.

மழை நம் மாவட்டத்தில் இரண்டு முறை வருகிறது: ஜூன் முதல் தென்மேற்கு, அக்டோபர் முதல் வடகிழக்கு. ஈரம் குடித்த தாள் இயந்திரத்தில் இரண்டிரண்டாகப் போய்ச் சிக்கும். பிரித்த கட்டை பிளாஸ்டிக் உறையில் போட்டு இறுகக் கட்டி வையுங்கள். ஒரு முகம் எடுத்த தாள் சூட்டில் சுருளும்; பத்து நிமிடம் புத்தகத்தின் அடியில் வைத்துவிட்டு மறுமுகம் எடுங்கள்.

ஈரக் கையில் புரளப்போகும் இதழை இங்க்ஜெட்டில் அச்சிடாதீர்கள், மை கரைந்து ஓடும். ஜெராக்ஸ், லேசர் இரண்டிலும் சூட்டில் உருகி ஒட்டும் தூள்தான். தண்ணீர் பட்டால் ஓடாது. ஆனால் அந்தத் தூள் மடிப்பில் உதிரும். முழுக்கறுப்புப் பரப்பு மடிப்பைத் தாண்டிப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

யாரை, எப்படி வரைவது

புகைப்படத்தை அப்படியே ஜெராக்ஸ் எடுத்தால் முதலில் அழிவது கறுத்த முகம். வெளுத்த முகத்துக்குக் கண்ணும் மூக்கும் மிஞ்சும். வெயிலில் நின்று கறுத்தவருக்கு ஒரு கறுப்புத் திட்டும் இரண்டு பல்லும் மிஞ்சும். இயந்திரத்தின் ‘டெக்ஸ்ட்’ அமைப்பு நடுச்சாயலைத் தூக்கி எறிவதுதான் காரணம். ‘போட்டோ’ அமைப்புக்கு மாற்றி, ஒன்றிரண்டு படி வெளிச்சம் கூட்டி எடுங்கள். அப்படியும் நிற்கவில்லை என்றால் படத்தின்மேல் வெண்ணெய்த்தாள் வைத்துக் கோட்டோவியமாக வரைந்துகொள்ளுங்கள். வரையும்போது எல்லா முகத்தையும் வெள்ளைத்தாளாக விட்டுவிடாதீர்கள். நெருக்கமான சாய்கோடுகளால் தோலின் நிறத்தைக் காட்டுங்கள்: கன்னத்தில் கோட்டின் இடைவெளி ஒரு மில்லிமீட்டர், கழுத்தின் நிழலில் அரை. கோடு முகத்தின் வளைவோடு வளைய வேண்டும், நேராகப் போனால் சிறைக்கம்பிபோல் தெரியும். இந்த ஒரு பயிற்சிக்காக இரண்டு நாள் செலவழித்தாலும் தகும். சினிமாவும் நகைக்கடைப் பலகையும் விளம்பரமும் வெளுத்துக் காட்டும் பெண்ணை நாமும் வெளுக்க வேண்டியதில்லை.

உயர்த்திய முஷ்டி, பெண்பாலைக் காட்டும் ♀ சின்னம், பறக்கும் கூந்தல் ஆகிய மூன்றையும் முதல் மூன்று இதழ்களில் போடாமல் தள்ளி வையுங்கள். பெண்கள் பிடித்திருக்கும் பொருளை வரையுங்கள். சும்மாடு. ஓலைக் கடவம் என்ற கூடை. ரப்பர் பால்வெட்டும் கத்தி. அண்டி உடைக்கிறவரின் விரல்: அண்டித் தோட்டின் எண்ணெய் தோலை அரிக்கும், விரல்நுனி கறுத்து உரியும். அந்தக் கையை அட்டைப்படமாகப் போட்டால் தலைப்புக்கூட வேண்டாம்.

வரையத் தெரியாது என்கிறவர்களுக்கு இயந்திரமே வரைந்து தரும். பின்னிய லேஸ் துண்டைக் கண்ணாடியில் வைத்து, மேலே கறுப்புத்தாள் மூடி ஜெராக்ஸ் எடுத்தால் கறுப்பில் வெள்ளைப் பின்னல் துல்லியமாக விழும். 1820களில் மிஷனரி மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்ததிலிருந்து இந்த வட்டாரத்தில் லேஸ் பின்னல் பெண்களின் கைவேலை. அதை ஓரச்சித்திரமாக மட்டும் வைக்காமல், பின்னியவரின் பேச்சுக்குப் பின்னணியாக வையுங்கள். முழுப்பக்கம் கறுப்பாக எடுத்தால் தூள் அதிகம் செலவாகும், கடைக்காரர் முகம் சுளிப்பார், கால்பக்கம் போதும். ஓலைப்பாயின் மேல் தாளை வைத்து, மெழுகுக் கிரேயானைப் படுக்கவைத்துத் தேய்த்தால் பின்னல் தெரியும். வாழை இலைக்காம்பைக் குறுக்கே வெட்டினால் காற்றறைகள் வலைபோல் இருக்கும். இரண்டு நிமிடம் துணியில் ஒற்றி ஈரம் போனபின் மையில் தோய்த்து அச்சாகக் குத்தலாம். ஈரத்தோடு குத்தினால் அறைகள் நிரம்பி ஒரே பொட்டாகிவிடும்.

உடலை வரைவது தனிக்கவனம் கேட்கும் வேலை. பெண் தன் மார்பை மூடலாமா கூடாதா என்பதற்கே இந்த மண்ணில் அரசு அனுமதி வேண்டியிருந்தது. தோள்சீலைப் போராட்டம் பல பத்தாண்டுகள் நடந்த பின்பு, 1859 ஜூலை 26 அன்றுதான் நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று திருவிதாங்கூர் அரசு அறிவித்தது. அப்போதும் உயர்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடு. ஆகவே திறந்த உடலை வரைவதே விடுதலை என்று எடுத்துக்கொள்ள முடியாது. மூடிக்கொள்வதற்காகவும் இங்கே பெண்கள் அடிபட்டிருக்கிறார்கள். படத்தில் வரப்போகிறவரையே கேளுங்கள். ராஜஸ்தான் கிராமப் பெண்கள் உடல்நலக் கைநூல் ஒன்றைச் செய்தபோது நிர்வாணப் படத்தை ஊர் ஏற்கவில்லை. படத்துக்கு மேல் உடுப்பை ஒட்டி, தூக்கிப் பார்த்தால் உள்ளே உடலுறுப்பு தெரியும்படி மாற்றினார்கள். பின்னர் அதை டெல்லியின் காளி ஃபார் விமன் பதிப்பகம் வெளியிட்டது. அந்த மூடி உத்தியைக் கையிதழிலும் செய்யலாம்: உடுப்பு வடிவில் 5 செ.மீ அளவுக்குத் தாள் வெட்டி, மேல் விளிம்பில் மட்டும் 5 மி.மீ பசை. ஐம்பது பிரதிக்கு ஒட்ட நான்கு பேருக்கு ஒரு மாலை பிடிக்கும்.

எழுத்தும் சொல்லும்

தமிழ் எழுத்துக்கு மேலே வளைவும் கீழே இழுப்பும் உண்டு. ஆங்கிலத்துக்குப் போடும் வரி இடைவெளி பத்தாது. எழுத்து 12 புள்ளி, வரி 18 புள்ளி என்று வையுங்கள். குட்டி இதழின் பக்கத்தில் அப்போது ஏறக்குறைய 30 சொல்தான் கொள்ளும், ஏ5 பக்கத்தில் 140. அதற்கேற்பக் குறைத்து எழுதுங்கள், எழுத்தைச் சுருக்காதீர்கள். பார்வை மங்கியவர்களுக்கு 18 புள்ளியில் ஐந்து பிரதி தனியாக எடுத்து வையுங்கள். கறுப்புப் பரப்பில் வெள்ளை எழுத்து ஜெராக்ஸில் ஓரம் அடைத்துப்போகும், தலைப்புக்கு மேல் பயன்படுத்த வேண்டாம்.

டிடிபி கடையில் தட்டச்சுக் கொடுத்தால் ‘யூனிகோடில் அடியுங்கள்’ என்று முதலிலேயே சொல்லுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் தாளில் அழகாகத்தான் விழும். ஆனால் அந்தக் கோப்பில் உண்மையில் இருப்பது ஆங்கில எழுத்துகள். பார்வையற்றவரின் கைப்பேசியிலோ, என்விடிஏ என்ற திரைவாசிப்பு மென்பொருள் போட்ட கணினியிலோ திறந்தால் பொருளற்ற ஒலிகள் கேட்கும். நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை, பவனம், காவிவனர் எல்லாம் இலவச யூனிகோடு எழுத்துருக்கள். மூலப்பிரதியைப் படம் எடுத்துப் பிடிஎஃப் ஆக்கினாலும் அது வெறும் படம், வாசிக்கும் செயலிக்கு ஒன்றும் தெரியாது. எழுத்திலிருந்து செய்த பிடிஎஃபிலும் கொம்பும் காலும் இடம் மாறித் தமிழ் குழம்புவதுண்டு. அதனால் இதழின் முழு எழுத்தையும் ஒரு வாட்ஸ்அப் செய்தியாகவே அனுப்புங்கள். ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு வரி விவரிப்பு சேருங்கள். ‘ஒரு பெண்’ என்பது விவரிப்பல்ல. ‘தலையில் சும்மாடு, அதன்மேல் அலுமினியப் பாத்திரம், நடந்துகொண்டே கைப்பேசியில் பேசும் நடுவயதுப் பெண்’ என்றால் காட்சி கிடைக்கும். கூடவே ஒரு குரல்பதிவு. அது பார்வையற்றவருக்கு மட்டுமல்ல, எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும், விளவங்கோடு, கல்குளம் பக்கம் தமிழ் பேசினாலும் மலையாள எழுத்தில் படித்தவருக்கும் உதவும்.

பேச்சைப் புத்தகத் தமிழாக்காதீர்கள். ‘எனக்க வீட்டுல’ என்று சொன்னவரை ‘என்னுடைய இல்லத்தில்’ என்று திருத்தினால் அவர் தன் வரியையே அடையாளம் காணமாட்டார். எழுதத் தெரியாதவர் சொல்லச் சொல்ல ஒருவர் எழுதிக்கொண்டு, முடித்ததும் உரக்க வாசித்துக் காட்டுங்கள். ‘நான் இப்பிடிச் சொல்லலியே’ என்று அவர் சொல்லும் இடங்களில் அவர் சொன்னபடியே மாற்றுங்கள்.

சொல்லில் சிலவற்றைத் தவிர்த்தே ஆகவேண்டும். ‘கற்பழிப்பு’ என்ற சொல் அழிந்தது பெண்ணின் கற்பு என்கிறது. குற்றத்தைச் சொல்வது ‘பாலியல் வன்கொடுமை’. மாதவிடாய்க்கு ‘தீட்டு’ வேண்டாம். திருநர், திருநங்கை, திருநம்பி, ஊடுபால், பால்புதுமையர் என்ற சொற்களைத் தமிழ்நாடு அரசு 2022இல் அரசிதழில் வெளியிட்டது. அவற்றில் எது தனக்குப் பொருந்தும் என்று சம்பந்தப்பட்டவரிடம் கேட்டு எழுதுங்கள். பேச்சிப்பாறை மலையில் இருப்பவர்களைப் பற்றி எழுதினால் ‘மலைசாதிப் பெண்’ என்று மொட்டையாகச் சொல்லாமல் காணி என்று அவர்களுடைய இனத்தின் பெயரைச் சொல்லுங்கள். அவர்களே எழுதும் பக்கம் வரும்வரை அந்தப் பக்கத்தை நீங்கள் நிரப்பாமல் இருப்பது இன்னும் மேல்.

கூடி எழுதும் நாளை, வரப்போகிறவர்களின் வேலை நேரம் பார்த்து வையுங்கள். ஞாயிறு காலை பலருக்குக் கோயில் ஆராதனை. மீன் விற்கிறவர்களுக்கு மத்தியானத்துக்குப் பிறகுதான் கை ஓயும். படியேற முடியாதவர் வருவார் என்றால் தரைத்தளம். குழந்தையோடு வருகிறவருக்கு ஒரு பாயும் கிரேயானும், குழந்தை கிறுக்கியதைப் பின்னட்டைக்கு எடுத்துக்கொள்ளலாம். ஐந்தரைக்குள் முடியுங்கள். கடைசிப் பேருந்துக்குப் பயந்து பாதியில் எழுகிறவரின் பக்கம்தான் எப்போதும் விடுபட்டுப்போகிறது.

பெயர், ஒப்புதல், சட்டம்

இது சின்ன மாவட்டம். பெயரை மாற்றினால் ஆளை மறைத்ததாகாது. ‘இனயத்தில் கணவனை ஒக்கிப் புயலில் இழந்து தையற்கடை வைத்திருப்பவர்’ என்று எழுதினால் ஊரே விரல் நீட்டும். ஊர், தொழில், குடும்ப நிலை, நடந்த ஆண்டு ஆகிய நான்கில் இரண்டுக்கு மேல் ஒரே கட்டுரையில் சேரவிடாதீர்கள். ஒப்புதலை இரண்டு முறை வாங்குங்கள்: சொல்லும்போது ஒரு முறை, பக்கம் தயாரானபின் காட்டி மறுமுறை. இரண்டாவது முறை வேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் எடுத்துவிட வேண்டும். கைப்பேசிப் படத்தை வாட்ஸ்அப்பில் ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பினால் எடுத்த இடமும் நேரமும் அதற்குள் இருக்கலாம். அதைத் திரைப்பிடிப்பாக மாற்றி அனுப்புங்கள்.

பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை அச்சிடுவது பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 72ஆம் பிரிவின்படி குற்றம், இரண்டு ஆண்டு வரை சிறை. குழந்தை என்றால் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு. ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ என்ற வரி இதிலிருந்தும் அவதூறு வழக்கிலிருந்தும் காப்பாற்றாது. இதழுக்கு ‘மாத இதழ்’ என்று போட்டு, குறித்த இடைவெளியில் பொதுச்செய்தியும் அதன்மேல் கருத்தும் வெளியிட்டால், 2024 மார்ச் முதல் நடப்பில் உள்ள பருவ இதழ்கள் பதிவுச் சட்டத்துக்குள் வந்துவிடுவீர்கள். முடிந்தபோது, ஒரு பொருளைப் பற்றி, தனித்தனி ஏடாக வெளியிடுங்கள். தொடர்புக்குக் குழுவின் பொது மின்னஞ்சல் மட்டும் போடுங்கள். எந்தப் பெண்ணின் கைப்பேசி எண்ணையும் அச்சிட வேண்டாம்.

எண்ணிக்கை, விலை, கொண்டுசேர்த்தல்

முதல் முறை ஐம்பது போதும். பக்கத்துக்கு ஒன்றரை ரூபாய் என்றால் குட்டி இதழ் ஐம்பதுக்கு 75 ரூபாய், உள்பக்கமும் அச்சிட்டால் 150. பதினாறு பக்க இதழ் ஒன்றுக்கு 12 ரூபாய், ஐம்பதுக்கு 600. விலையை ஒன்றாக வைக்காதீர்கள்: சம்பளம் வாங்குகிறவருக்கு 30, மாணவருக்கு 10, எழுதியவருக்கு ஐந்து பிரதி இலவசம். நடத்துனருக்குப் பக்கத்து இருக்கையிலும் ரேஷன் கடை வரிசையிலும் கைமாறும் இதழ்தான் அதிகம் வாசிக்கப்படுகிறது. மேசைபோட்டு விற்பதைக் கடைசியாக வையுங்கள். மகளிர் குழுக் கூட்டம், விடியற்காலைத் தோவாளைப் பூச்சந்தை, டிசம்பர் தொடக்கத்தில் முடியும் கோட்டாறு சவேரியார் திருவிழா, வடசேரிப் பேருந்து நிலையம் ஆகியவை நல்ல இடங்கள். கொடுக்கும்போது முகவரி கேட்காதீர்கள், படம் எடுக்காதீர்கள். பின்னட்டையில் ‘ஜெராக்ஸ் எடுத்துப் பரப்பலாம்’ என்ற ஒரு வரி போடுங்கள்.

மூலப்பிரதியை மடிக்காமல், தட்டையாக, பிளாஸ்டிக் உறையில் வையுங்கள். நகலிலிருந்து நகல் எடுத்தால் மூன்றாவது தலைமுறையில் புள்ளிகள் உதிரத் தொடங்கும், ஒற்றெழுத்துகள் காணாமற்போகும். மூலத்தின் பின்பக்கம் வெளிர்நீலப் பென்சிலால் தேதியும் எடுத்த பிரதிகளின் எண்ணிக்கையும் குறித்து, குழுவில் இரண்டு பேர் வீட்டில் ஆளுக்கு ஒரு நல்ல பிரதி இருக்கட்டும்.